பவர் பார்த்தாச்சு, கண்ணைப் பார்த்தாச்சா? (வீட்டுக் கண் கவனிப்பு இழை)

#1 வைகைக்கரை ஆப்டோம்

"எங்க வீட்ல எல்லாருக்கும் கண் செக் பண்ணியாச்சு" என்பவர்களிடம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் கண்ணாடிக் கடை என்றுதான் பதில் வரும். மெஷினில் தாடையை வைத்து, உள்ளே தெரியும் பலூன் படத்தைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டோடு வந்திருப்பார்கள். அதற்குப் பெயர் பவர் அளப்பது. கண் பரிசோதனை அதில்லை. விழித்திரையில் ரத்தக் கசிவு இருந்தாலும், பார்வை நரம்பு பாதி தேய்ந்திருந்தாலும் அந்த மெஷின் சீட்டில் ஒன்றும் தெரியாது.

முழுப் பரிசோதனை என்றால், ஒவ்வொரு கண்ணையும் தனியாக மூடி எழுத்து வாசிக்க வைக்க வேண்டும். மாறுகண் இருக்கிறதா, கண் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஸ்லிட் லேம்ப் என்ற ஒளிக்கீற்று நுண்ணோக்கியில் முன்பகுதியையும், சொட்டு விட்டுப் பாப்பாவை (கண்ணின் நடுவில் உள்ள கருப்புத் துளையை) விரித்து விழித்திரையையும் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து நிமிடத்தில் முடிந்தால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

யாருக்கு எப்போது? 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பு பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. மற்றப் பிள்ளைகளுக்கு, குறை ஒன்றும் தெரியாவிட்டாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு தடவை. 40 தாண்டியவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கப் போகும்போதே அழுத்தமும் நரம்பும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை இருப்பவர்களைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் அவரவர் பகுதியை எழுதுங்கள்.

#2 கேள்விக்குறி

நல்ல இழை சார். முதல் சந்தேகம் நானே கேட்கிறேன். 7 வயசுப் பிள்ளைக்குக் கடை மெஷினில் -1.25 காட்டுது. ஆஸ்பத்திரியில் சொட்டு விட்டுப் பார்த்தால் -0.25 தான், இப்போ கண்ணாடியே வேண்டாம்னு சொல்றாங்க. ஒரே வாரத்தில் ஒரே கண்ணுக்கு ரெண்டு பவர் எப்படி?

#3 வைகைக்கரை ஆப்டோம்

சொட்டு விட்டுப் பார்த்ததுதான் சரி.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கிட்டத்தில் பார்க்கும்போது தடிக்கும், தூரம் பார்க்கும்போது தளரும். பிள்ளைகளுக்கு இந்தச் சக்தி மிக அதிகம். மெஷினுக்குள் பலூன் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும், பெட்டி கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். லென்ஸைத் தானறியாமல் இறுக்கிக்கொள்ளும். இறுகிய லென்ஸை அளந்தால் இல்லாத கிட்டப்பார்வை வரும், இருக்கிற தூரப்பார்வை மறையும். அந்தச் சீட்டை வைத்துக் கண்ணாடி போட்டால் பிள்ளை தலைவலியோடு நாள் முழுக்க லென்ஸை இறுக்கிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தசையைத் தளர்த்தத்தான் சொட்டு. வழக்கமாக சைக்ளோபென்டோலேட் 1%. மறுநாள் வரை கிட்டத்து எழுத்து மங்கும், அதனால் பரீட்சைக்கு முந்தைய நாள் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கோ மாறுகண் உள்ள பிள்ளைக்கோ அட்ரோபின் 1% களிம்பை வீட்டில் மூன்று நாள் போட்டுக் கூட்டி வரச் சொல்வார்கள். அது இறங்க பத்துப் பதினான்கு நாள் ஆகும். களிம்பு போட்டபின் முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் மாதிரி உடம்பு சுட்டால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். கையில் ஒட்டிய களிம்பைக் கழுவாமல் அம்மா தன் கண்ணைத் தேய்த்தால் அம்மாவுக்கும் பாப்பா விரியும். அதை வேறு நோய் என்று நினைத்துப் பயந்து வருபவர்கள் உண்டு.

ஒரு கண் நன்றாகவும் இன்னொரு கண் மோசமாகவும் இருக்கும் பிள்ளை ஒரு குறையும் சொல்லாது. நல்ல கண் வேலையை முடித்துவிடும். கெட்ட கண்ணிலிருந்து தெளிவான படம் மூளைக்குப் போகாததால் அது சோம்பேறிக் கண் ஆகிவிடும். 7 வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் திரும்பும், போகப் போகக் கடினம். முதலில் சரியான கண்ணாடியை நான்கு மாதம் வரை போட்டுப் பார்ப்பார்கள். போதாவிட்டால் நல்ல கண்ணை மூடுவது: நடுத்தரக் குறைக்கு தினம் 2 மணி நேரம், மோசமாக இருந்தால் 6 மணி நேரம். பிளாஸ்திரியைத் தோலில் ஒட்ட வேண்டும், கண்ணாடி மேல் அல்ல. கண்ணாடி மேல் ஒட்டினால் மூக்குப் பக்கச் சந்தில் எட்டிப் பார்க்காத பிள்ளை கிடையாது.

இன்னொன்று. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் தெரிந்தால் "கேமரா கோளாறு" என்று விடாதீர்கள். குழந்தைக்கு வரும் புரையோ விழித்திரைக் கட்டியோ அப்படித்தான் முதலில் தெரியும். அதே வாரம் காட்டுங்கள்.

#4 ஃபிட்டிங் டேபிள்

கண்ணாடிக் கடைக்காரன் பக்கமிருந்து. எல்லாப் பழியும் மெஷின் மேல போடாதீங்க சார், சீட்டைப் படிக்கத் தெரியாததால் வர்ற குழப்பம் அதைவிட அதிகம்.

சீட்டில் ஸ்ஃபியர், சிலிண்டர், ஆக்ஸிஸ் மூணு இருக்கும். 40க்கு மேல ஆட் என்று நாலாவது, படிக்கிறதுக்கான கூடுதல் பவர். ஸ்ஃபியர் -2.00 என்றால் அந்தக் கண்ணுக்கு 50 செ.மீ. வரைக்கும்தான் தெளிவு, -4.00 என்றால் 25 செ.மீ. சிலிண்டர் என்பது கருவிழி ஒரு திசையில் கூடுதலா வளைஞ்சிருக்கிறதுக்கு. ஆக்ஸிஸ் அது எந்தத் திசை என்பது, பவர் அல்ல. 180 என்று பார்த்து "பிள்ளைக்கு 180 பவரா!" என்று பதற வேண்டாம்.

ரெண்டு இடத்தில் எழுதின சீட்டு வேற வேற மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு -1.00, -0.50, ஆக்ஸிஸ் 180. இன்னொண்ணு -1.50, +0.50, ஆக்ஸிஸ் 90. ரெண்டும் ஒரே கண்ணாடிதான். ஸ்ஃபியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புது ஸ்ஃபியர், சிலிண்டர் குறியை மாத்தணும், ஆக்ஸிஸில் 90 கூட்டணும் அல்லது கழிக்கணும். ஒருத்தர் மைனஸிலும் ஒருத்தர் பிளஸ்ஸிலும் எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.

அடுத்து பிடி (PD), ரெண்டு பாப்பாவுக்கும் நடுவில் உள்ள தூரம், மில்லிமீட்டரில். இதைக் கேட்காமல் லென்ஸ் போட்டால் மையம் தப்பும். -5.00 லென்ஸில் மையம் 4 மி.மீ. தள்ளிப் போனால் 2 பிரிசம் (காட்சி விலகலை அளக்கும் அலகு) அளவுக்குக் காட்சி நகரும். பவர் சரியா இருந்தும் "கண்ணை இழுக்குது, தரை சரியுது" என்று வர்றதில் பாதி இதுதான். ஆன்லைனில் வாங்கினால் பழைய கண்ணாடியின் பிடியை நம்பாதீங்க, ஆளை அளந்து போடுங்க. புரோகிரஸிவ் லென்ஸுக்கு (தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில்) உயரமும் ஃப்ரேமைப் போட்ட முகத்தில்தான் அளக்க முடியும். அதனால அதை மட்டும் ஆன்லைனில் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு பாலிகார்பனேட் லென்ஸ்தான், பந்து பட்டாலும் சில்லு சில்லா உடையாது. ஃப்ரேம் வளர்ந்தாலும் போடட்டும்னு பெருசா வாங்காதீங்க. மூக்கில் வழுக்கினால் பிள்ளை மேல் விளிம்புக்கு மேலேயே பார்க்கும். கண்ணு லென்ஸ் நடுவுக்கு வரணும், காது கொக்கி காதுக்குப் பின்னால் வளைஞ்சு உட்காரணும்.

துடைக்கிறது: முதலில் தண்ணியில் காட்டுங்க, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு, விரலால் தடவி அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்க. முந்தானையில் வறட்டுத் துடை துடைச்சால் தூசியே உப்புத்தாள் மாதிரி கீறும். வெயிலில் நிக்கிற கார் டேஷ்போர்டில் வச்சால் கோட்டிங் மயிரிழை மயிரிழையா வெடிக்கும், அதுக்கு வாரண்டி கிடையாது.

#5 கேள்விக்குறி

அப்போ "கண்ணாடி போட்டால் பவர் ஏறும், கொஞ்சம் குறைச்சே போடுங்க"ன்னு பாட்டிமார் சொல்றது? ப்ளூ கட் (நீல ஒளியைத் தடுக்கும்) லென்ஸ் போட்டால் பவர் நிற்குமா?

#6 வைகைக்கரை ஆப்டோம்

ஏறுவது கண்ணாடியால் இல்லை. கிட்டப்பார்வை என்பது கண் உருண்டை முன்னும் பின்னுமாக நீளுவது. உயரம் வளர்கிற வயதில் அதுவும் வளரும். குறைத்துப் போட்டு நிறுத்தலாம் என்று பார்த்தவர்களின் ஆய்வுகளில் பலன் கிடைக்கவில்லை, சிலவற்றில் கொஞ்சம் வேகமாகவே ஏறியிருக்கிறது. முழு பவர் போடுங்கள்.

ப்ளூ கட்டுக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். கண் களைப்பைக் குறைப்பதாக நல்ல சான்று இல்லை. ஃபிட்டிங் டேபிள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

உண்மையில் பலன் தருவது பகல் வெளிச்சம். தினமும் 2 மணி நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது. விளையாட வேண்டும் என்றுகூட இல்லை, மொட்டை மாடியில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். மாலை டியூஷனுக்கு அனுப்பும் நேரத்தைத்தான் முதலில் குடைய வேண்டும். புத்தகம் முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை உள்ள தூரத்தில் இருக்கட்டும். போனைவிட டேப், டேப்பைவிட டிவி மேல், தூரம் கூடுவதால். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கும் பழக்கம் களைப்புக்கு நல்லது, பவரை நிறுத்தாது.

வருடத்துக்கு 0.50க்கு மேல் ஏறினால் குறைந்த அடர்த்தி அட்ரோபின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இரவில் ஒரு சொட்டு. 0.01% முதல் 0.05% வரை வருகிறது, 0.05% கூடுதலாகக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் இதற்கும் மேலே சொன்ன 1% களிம்புக்கும் 20 மடங்கு முதல் 100 மடங்கு வரை வித்தியாசம். மெடிக்கலில் "அட்ரோபின்" என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள்.

#7 மாத்திரைக் கவுண்டர்

அந்த எச்சரிக்கைக்கு நன்றி சார். மெடிக்கல் கவுண்டரில் நிற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு: "கண்ணு சிவந்திருக்கு, போன தடவை கொடுத்த அந்தச் சொட்டு குடுங்க."

அந்தச் சொட்டு பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்தது. லேபிளில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று எது இருந்தாலும் ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சில வாரம் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறும், மாதக்கணக்கில் போட்டால் புரையும் வரும். வெயில் காலத்தில் கண் அரித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும் அலர்ஜிப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுவது. டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதியதை வீட்டில் மூன்று வருஷம் ஓட்டுவார்கள். அந்தத் தேய்ப்பே தனி ஆபத்து, கருவிழி கூம்பிப் போகும்.

பாட்டில் சமாச்சாரம்: பல பாட்டில்களின் மூடிக்குள் ஒரு முள் இருக்கும். மூடியைக் கடைசி வரை இறுக்கித் திருகினால் பாட்டில் மூக்கில் துளை விழும். அதை விட்டுவிட்டு ஊக்கை வைத்துக் குத்துகிறார்கள். துளை பெரிதாகி ஒரு சொட்டுக்குப் பதில் இரண்டு மூன்று விழும், ஊக்கில் இருந்த அழுக்கும் உள்ளே போகும். திறந்த தேதியைப் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதுங்கள். அச்சிட்ட காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கு, திறந்தால் பெரும்பாலும் 4 வாரம்தான். பால் போல இருக்கும் மருந்துகளைக் குலுக்கிவிட்டுப் போடணும், இல்லாவிட்டால் மேலே வெறும் தண்ணீர், கடைசியில் கெட்டி மருந்து.

லட்டானோபிராஸ்ட் (கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு) மாதிரி சிலதை ஃபிரிட்ஜில்தான் வைக்கணும்.

#8 ஓபி சிஸ்டர்

கவுண்டர் தம்பி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். லட்டானோபிராஸ்ட் திறக்கும் வரைக்கும்தான் ஃபிரிட்ஜ் கட்டாயம். திறந்த பிறகு 25 டிகிரிக்குள் வெளியில் வைக்கலாம் என்று பெட்டியில் இருக்கும். ஆனால் நம்ம ஊரு சித்திரை வெயிலில் 25 எங்கே இருக்கு? ஃபிரிட்ஜ் கதவுத் தட்டிலேயே இருக்கட்டும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீங்க.

இனி சொட்டு விடும் முறை. பத்து வருஷமா போடுறவங்ககூட தப்பாத்தான் போடுறாங்க.

கை கழுவுங்க. தலையைப் பின்னால் சாய்ங்க, படுத்தால் இன்னும் சுலபம். கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ மயிரிலோ படக் கூடாது. கண்ணை மெல்ல மூடுங்க, சிமிட்டக் கூடாது, இறுக்கவும் கூடாது. மூக்கு ஓரக் கண் மூலையை ஆள்காட்டி விரலால் 2 நிமிஷம் அழுத்துங்க. அங்கே கண்ணீர் மூக்குக்குள் இறங்குற துளை இருக்கு. அழுத்தலைன்னா மருந்து தொண்டைக்குப் போகும், கசக்கும், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும்.

ரெண்டு சொட்டு விட்டால் ரெட்டிப்பு பலன் இல்லை. கண்ணுப் பைக்கு ஒரு சொட்டே அதிகம், மிச்சம் கன்னத்தில்தான் வழியும். ரெண்டு வேற மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிஷம் விடுங்க, இல்லாட்டி ரெண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். களிம்பு எப்பவும் கடைசி.

சரியாப் போடுறாங்களான்னு கண்டுபிடிக்க ஒரு கணக்கு: 2.5 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு. ரெண்டு கண்ணுக்கும் ராத்திரி ஒரு தடவைன்னா மாசம் 60. 20 நாளில் தீர்ந்தால் கன்னத்துக்குப் போகுது. ரெண்டு மாசம் ஆகியும் தீரலைன்னா தாத்தா போடவே இல்லை.

கை நடுங்குறவங்க பாட்டில் பிடிச்ச கையை நெத்தியில் ஊன்றிக்கலாம். அடம் பிடிக்கும் பிள்ளைக்கு, கண்ணை மூடிப் படுக்கவச்சு மூக்கோரக் குழியில் சொட்டை விட்டு, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னால் தானே உள்ளே இறங்கும்.

#9 வடமராட்சி

வணக்கம். நல்ல பிரயோசனமான இழை. தகப்பனுக்கோ தாய்க்கோ கிளோக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் பிள்ளையள் எப்ப காட்ட வேணும்? பிறஷர் 16 எண்டு சொன்னால் பயமில்லையோ? முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள ஆக்கள் எந்தச் சொட்டும் போடலாமோ?

#10 ஓபி சிஸ்டர்

வாங்க. கடைசிக் கேள்விதான் முக்கியம், அதை முதலில் சொல்றேன். கண் அழுத்தத்துக்குப் போடுற டிமோலால் உள்ள சொட்டு மூச்சுக் குழாயை இறுக்கும், இதயத் துடிப்பையும் குறைக்கும். ஆஸ்துமா, இளைப்பு, நாடி மெதுவா ஓடுறவங்களுக்கு ஆகாது. கூட்டு மருந்துகள் பலதிலும் இது ஒளிஞ்சிருக்கும். சொட்டு ஆரம்பிச்ச பிறகு இளைப்பு கூடினால் நெஞ்சு டாக்டரிடம் கண் சொட்டு பாட்டிலையும் காட்டுங்க. "கண்ணு மருந்துதானே"ன்னு யாரும் சொல்றதில்லை.

#11 வைகைக்கரை ஆப்டோம்

மற்ற இரண்டுக்கும் என் பதில். வழக்கமான அளவு 10 முதல் 21 என்பார்கள். 16 இருந்தும் நரம்பு தேய்பவர்கள் உண்டு, 24 இருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. அதனால் அழுத்தம் மட்டும் போதாது: நரம்பின் குழி, பார்வை வட்டச் சோதனை, கோணம் திறந்திருக்கிறதா என்று கோனியோஸ்கோபி, கருவிழித் தடிப்பு, எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால் ஆபத்து பல மடங்கு. 40க்குக் காத்திருக்காமல் 35க்குள் ஒரு அடிப்படைப் பரிசோதனை செய்து, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் போங்கள். ஓரப் பார்வை முதலில் போவதால் ஆளுக்குத் தெரியாது, போனது திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே. "போட்டும் பார்வை தெளியலை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

இன்னொரு வகை திடீரென்று வரும். ஒரு பக்கக் கண் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பித்தம் என்று வயிற்றுக்கு மருந்து வாங்கிக்கொண்டு இரவைக் கழித்தால் காலையில் பார்வை இல்லாமல் போகலாம். வாந்தியோடு கண் சிவந்திருந்தால் நேரே கண் மருத்துவமனை.

#12 விழித்திரை படம்பிடிப்பவர்

சர்க்கரை பற்றி. இரண்டாம் வகை என்றால் தெரிந்த அன்றிலிருந்தே வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை, ஏனென்றால் தெரிவதற்குப் பல வருஷம் முன்பே சர்க்கரை ஏறியிருக்கலாம். முதல் வகை என்றால் 5 வருடம் கழித்து ஆரம்பித்து வருடந்தோறும். ஏற்கெனவே சர்க்கரை இருந்து கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள்.

6/6 (குறையில்லாத பார்வை) வாசிப்பவரின் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் கொடிபோல் படர்ந்திருக்கும். மையத்தைத் தொடாத வரை பார்வை குறையாது. வெடித்து ரத்தம் கொட்டிய பிறகுதான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று வருவார்கள். அதற்கு முன் வந்தால் லேசர், மையத்தில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஊசி. ஊசி ஒன்றோடு முடியாது, மாதம் ஒன்றாக ஆரம்பிக்கும். பாதியில் விட்டால் போட்டதும் வீண்.

பாப்பா விரித்த பிறகு நான்கைந்து மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும், கூலிங் கிளாஸ் எடுத்து வாருங்கள். சர்க்கரை 300, 400 என்று ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடி மாற்றாதீர்கள், லென்ஸில் நீர் கோத்து பவர் ஆடும். சர்க்கரை நிலைப்பட்டு நான்கைந்து வாரம் கழித்து அளந்தால்தான் அது நிஜ பவர்.

மூட்டு வாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள் முதல் வருடத்திலேயே ஒரு விழித்திரைப் பதிவு, 5 வருடத்துக்குப் பிறகு வருடந்தோறும். காசநோய்க்கு எதாம்பியூட்டால் சாப்பிடும்போது நிறம் மங்கினாலோ எழுத்து மங்கினாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் போங்கள்.

#13 கேள்விக்குறி

வயசானவங்களுக்குத் திடீர்னு கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க வருது, "பார்வை திரும்பிடுச்சு"ன்னு சந்தோஷப்படுறாங்க. அது எப்படி? புரை முத்தட்டும்னு காத்திருக்கலாமா?

#14 ஓபி சிஸ்டர்

திரும்பலை, புரை ஆரம்பிச்சிருக்கு. லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகி மைனஸ் பவர் கூடும், வெள்ளெழுத்தை அது ஈடுகட்டும். தூரத்தில் பஸ் போர்டு தெரியுதான்னு கேட்டுப் பாருங்க, தெரியாது.

"முத்தட்டும்" என்பது பழைய அறுவை முறைக் காலத்துப் பேச்சு. இப்போ அன்றாட வேலைக்கு இடைஞ்சல் ஆனால் எடுத்துடலாம். ரொம்ப முத்தினால் லென்ஸ் பாறை மாதிரி ஆகி அறுவை கடினம், வீங்கினாலோ கசிஞ்சாலோ அழுத்தம் ஏறி வலியோடு வருவாங்க.

அறுவைக்கு முன் சொல்ல வேண்டியது: புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால், எப்பவோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், கட்டாயம் சொல்லுங்க. கண்ணின் கருந்திரை தொளதொளன்னு ஆகி அறுவை நடுவில் பாப்பா சுருங்கும். முன்னாடியே தெரிஞ்சால் சர்ஜன் தயாரா இருப்பார். ரத்தம் நீர்க்கும் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

லென்ஸ் விலையைப் பார்த்து "சீப் லென்ஸ் கெட்டுப்போகுமா?"ன்னு கேட்பாங்க. மதுரையில் ஆரோலேப் 1992லிருந்து உள்விழி லென்ஸ் செய்யுது, அதுக்கப்புறம்தான் சாதாரண ஆளுக்கு லென்ஸ் வைக்கிறதே கட்டுப்படியாச்சு. சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் தூரத்துக்குச் சரியா இருக்கும், படிக்கக் கண்ணாடி வேணும். அது குறை இல்லை, லென்ஸின் தன்மை.

அறுவைக்குப் பின் சொட்டு வாரம் ஒரு வேளை குறைஞ்சு ஆறு வாரம் வரும். அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி டிக் அடிங்க. தலைக்குத் தண்ணி ஊத்துறது டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம், புகை அடுப்பும் வேண்டாம். லேசா உறுத்தும், அது சரி. ஆனால் முதல் வாரத்தில் வலி கூடி, சிவந்து, பார்வை முந்தின நாளைவிட மங்கினால் அன்னைக்கே ஓடுங்க, ராத்திரி ஆனாலும். உள்ளே கிருமி புகுந்திருந்தால் மணிக்கணக்கில்தான் நேரம். கண்ணாடி நாலு முதல் ஆறு வாரம் கழிச்சு.

ரெண்டு மூணு வருஷத்தில் மறுபடி மங்கினால் புரை திரும்பலை. லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சவ்வு தடிச்சிருக்கும், யாக் லேசரில் சில நிமிஷ வேலை.

#15 கிராமச் செவிலியர்

அடிபடுவதைப் பற்றி யாருமே எழுதலையே.

வெற்றிலைச் சுண்ணாம்பு: டப்பாவையோ பாக்கெட்டையோ பிள்ளை அமுக்கும், முகத்தில் பீய்ச்சும். சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிட ஆழமாகக் கருவிழிக்குள் இறங்கும். ஆட்டோ பிடிக்கும் முன் குழாயடியில் தலையைச் சாய்த்து, இமையை விரித்துப் பிடித்து 30 நிமிடம் தண்ணீர் விடுங்கள். மேல் இமையைத் திருப்பிப் பார்த்து ஒட்டியிருக்கும் கட்டியை ஈரத் துணி முனையால் எடுக்க வேண்டும். ஒரு துணுக்கு உள்ளே இருந்தாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் முறியும் என்பது கொடுமையான யோசனை. பாத்ரூம் ஆசிட், பேட்டரித் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே தண்ணீர்தான்.

பட்டாசோ கம்பியோ கண்ணைக் கிழித்திருந்தால் நேர்மாறு: கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைத்து டேப் ஒட்டிக் கூட்டிப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

நெல் அறுவடையில் தாளோ உமியோ பட்டால் பூஞ்சைப் புண் வரும், நம் பக்கத்தில் இது அதிகம். இரண்டு மூன்று நாளில் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். கவுண்டர் தம்பி சொன்ன ஸ்டீராய்டை இதில் விட்டால் பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தழைச்சாறு எதுவும் வேண்டாம். எருக்கம்பால் பட்டால் வலி குறைவாக இருக்கும், ஏமாறாதீர்கள். கருவிழியின் உள்படலம் கெட்டுப் பார்வை பனிமூட்டம் ஆகும்.

மாலைக்கண்ணுக்கு வைட்டமின் ஏ திரவம் 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம், 5 வயது வரை மொத்தம் 9 தடவை. தடுப்பூசி அட்டையில் எண்ணிப் பாருங்கள், கடைசி மூன்று நான்கு பலருக்கு விட்டுப்போயிருக்கும். முருங்கைக் கீரை எண்ணெய் சேர்த்து வதக்கினால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். ஆனால் எந்தக் கீரையும் -2.00 கண்ணாடியைக் கழற்றாது.

#16 மாத்திரைக் கவுண்டர்

மெட்ராஸ் ஐ சீசன் வேறு வருகிறது. பார்த்தால் ஒட்டாது, தொட்டால்தான் ஒட்டும். கூலிங் கிளாஸ் மற்றவர்களைக் காப்பாற்றாது, தனித் துண்டும் தனித் தலையணை உறையும் கை கழுவுவதும் காப்பாற்றும். பெரும்பாலும் வைரஸ், ஒன்று இரண்டு வாரத்தில் தானே இறங்கும். வீட்டில் நாலு பேருக்கும் ஒரே பாட்டில் சொட்டு விடாதீர்கள். வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ பார்வை மங்கினாலோ கருவிழிக்குப் போயிருக்கிறது, டாக்டரைப் பாருங்கள்.

#17 கேள்விக்குறி

கடைசியா ஒண்ணு. வீட்டிலேயே மாசம் ஒரு தடவை பார்க்க வழி இருக்கா? ஆப் எல்லாம் நம்பலாமா?

#18 வைகைக்கரை ஆப்டோம்

ஆப் வேண்டாம், சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதே. 6/6 வரி எழுத்து 6 மீட்டரில் 8.7 மி.மீ. உயரம். 3 மீட்டரில் நின்றால் அதில் பாதி, 4.4 மி.மீ. ஸ்கேல் வைத்துக் காலண்டர் தாளில் அந்த உயரமுள்ள வரியைத் தேடுங்கள், நல்ல நேரம், ராகு காலம் எழுதிய வரிகளில் ஒன்று ஒத்து வரும். 4.4 செ.மீ. உயரமுள்ள தேதி எண் 6/60க்கு (சோதனை அட்டையின் மேலே இருக்கும் பெரிய எழுத்துக்கு) சமம். தமிழ் எழுத்தில் சுழி அதிகம், அதனால் இது தோராயம்தான்.

10 அடியில் நாற்காலி, பகல் வெளிச்சம், தூரக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு. உள்ளங்கையைக் குழித்து ஒரு கண்ணை மூட வேண்டும், விரல் சந்து கூடாது, கண்ணை அழுத்தவும் கூடாது. ஒரு கண் ஒரு வரி, மறு கண் வேறு வரி வாசித்தால் அந்த வித்தியாசமே போதும், கூட்டி வாருங்கள். பிள்ளை மனப்பாடம் செய்துவிடும், அடுத்த கண்ணுக்குத் தாளைக் கிழித்து மறுநாள் தேதியைக் காட்டுங்கள்.

பெரியவர்களுக்குக் கூடுதலாக, சமையலறை டைல்ஸ் கோடுகளை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரை மையத்தில் பிரச்சினை, அந்த வாரமே காட்ட வேண்டும். மின்னல் வெட்டுவது போல ஒளி, திடீரென்று கூட்டமாகக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது, இவை வந்தால் அன்றைக்கே. -6.00க்கு மேல் உள்ளவர்களின் வீட்டில் இந்த மூன்றையும் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

#19 ஃபிட்டிங் டேபிள்

காலண்டர் டெஸ்டுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழுவிடுங்க. எண்ணெய்க் கறையோட வந்து பவர் மாறிடுச்சுன்னு சொல்றவங்க வாரம் நாலு பேர்.